தூக்கிப் பார்க்கப்படாத இமை: மூளை நாடிப் புடைப்புச் சத்திரசிகிச்சைக்குப் பின் ஒரு கண் இழப்பு

மூளை நாடியில் உண்டாகும் புடைப்பை, அதாவது அனியூரிசத்தை, கிளிப் போட்டு அடைக்கும் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அதே பக்கக் கண் முற்றாகப் பார்வை இழப்பது மிக அரிது. மருத்துவ ஏடுகளில் அது பெரும்பாலும் ஒற்றை நோயாளி அறிக்கைகளாகவே கிடைக்கிறது. அரிது என்பதாலேயே அதை யாரும் தேடிப் பார்ப்பதில்லை. இங்கே பதிவாகும் நிகழ்வில் வன்னியைச் சேர்ந்த ஒரு தாயின் உயிர் தப்பியது, வலது கண் தப்பவில்லை. சிகிச்சையில் பங்கெடுத்த எவரும் அலட்சியமாக இருக்கவில்லை. ஒவ்வொரு அறிகுறிக்கும் அவர்களிடம் நியாயமான ஒரு விளக்கம் கையிலிருந்தது. அந்த விளக்கங்கள் எப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுக் கண்ணை மறைத்தன என்பதுதான் இங்கே முக்கியம். ஆளையும் வைத்தியசாலைகளையும் காட்டிக்கொடுக்கும் விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

பின்னணி

நோயாளி 53 வயதுப் பெண். இரண்டு ஏக்கர் வயலும் வீட்டு வளவில் கச்சானும் செய்பவர். பிரஷருக்கு கிளினிக்கில் மருந்து எடுத்தவர். அறுவடைக் காலங்களில் கிளினிக்கைத் தவறவிடுவார். 2009 இல் பட்ட ஷெல் துண்டுகள் தொடையிலும் இடது கன்ன எலும்புக்கு அருகிலும் இன்னும் இருக்கின்றன. வன்னியில் இந்த வயதினரிடம் இது புதினமான விசயம் அல்ல. ஆனால் பின்னால் எம்.ஆர்.ஐ. தொடர்பான ஒரு முடிவை அது மாற்றியது.

காலபோக அறுவடை நேரம். காலை ஆறே முக்காலுக்கு முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவர் "பின்மண்டையில ஆரோ அலவாங்கால போட்ட மாதிரி" என்று சொல்லி இருந்துவிட்டார். இரண்டு தரம் வாந்தி. பனியில் நின்ற தடிமன் தலையிடி என்று நினைத்து வீட்டில் கொத்தமல்லி அவித்துக் கொடுத்திருக்கிறார்கள். மத்தியானம் வலது இமை பாதி இறங்கியதைக் கண்ட மகள் 1990 அம்புலன்ஸை அழைத்தார்.

ஆதார வைத்தியசாலையில் குருதியமுக்கம் 190/110. நினைவு தெளிவாக இருந்தது. நினைவு மட்டத்தைக் காட்டும் கிளாஸ்கோ அளவு 15, அதாவது முழுப் புள்ளி. வலது இமை முழுதாக இறங்கி, கண் வெளிப்பக்கமாகவும் சற்றுக் கீழாகவும் திரும்பியிருந்தது. கண்மணி 6 மில்லிமீற்றர் விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை. இளம் வைத்தியர் இடமாற்றப் படிவத்தில், இமையையும் கண்ணையும் அசைக்கும் மூன்றாம் மண்டை நரம்பின் செயலிழப்பு, கண்மணியும் பாதிப்பு, பின் தொடர்பு நாடிப் புடைப்பாக இருக்கலாம் என்று எழுதினார். அது மிகச் சரியான கணிப்பு. கண்மணியைச் சுருக்கும் நார்கள் மூன்றாம் நரம்பின் மேற்பரப்பில் ஓடுவதால், வெளியிலிருந்து அழுத்தும் புடைப்பு முதலில் அவற்றைத்தான் நசுக்கும். சீனி வருத்தத்தில் வரும் மூன்றாம் நரம்புச் செயலிழப்பில் கண்மணி பெரும்பாலும் தப்பிவிடும்.

அந்தப் படிவத்தில் இல்லாமல் போனது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு கண்ணுக்கும் பார்வை எவ்வளவு என்ற வரி. வலது இமையை விரலால் தூக்கி, தாதி காட்டிய விரல்களை எண்ணச் சொன்னபோது அவர் சரியாக எண்ணினார் என்பதை மகள் பின்னர் நினைவுகூர்ந்தார். தாளில் அது ஏறவில்லை.

சி.ரி. ஸ்கானில் மூளையைச் சுற்றிய இடைவெளியில் குருதிக்கசிவு தெரிந்தது. வன்னிக்கு வெளியே நரம்பியல் சத்திரசிகிச்சை வசதியுள்ள வைத்தியசாலைக்கு அன்றிரவே அனுப்பப்பட்டார். நாடிகளைக் காட்டும் சி.ரி. படத்தில், வலது உட்கழுத்து நாடியும் பின் தொடர்பு நாடியும் பிரியும் இடத்தில் 7 மில்லிமீற்றர் புடைப்பு. கசிவுக்குப் பின் வரும் நாடிச் சுருக்கத்தின் சேதத்தைக் குறைக்கும் நிமோடிபின் 60 மில்லிகிராம் நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தொடங்கப்பட்டது.

சத்திரசிகிச்சை

மூன்றாம் நாள் காலை. நெற்றிக்கும் கன்னப்பொறிக்கும் இடைப்பட்ட வழக்கமான வழி. தலை ஊசிக் கவ்வியில் பொருத்தப்பட்டு 30 பாகை இடப்பக்கம் திருப்பப்பட்டது. மயக்க வைத்தியர் இரு கண்களுக்கும் களிம்பு வைத்து இமைகளை ஒட்டினார். 09:25 இற்கு உச்சந்தோலும் கன்னப்பொறித் தசையும் ஒரே மடலாக எழுப்பப்பட்டு முன்பக்கமாக, வலது கண்ணின் மேல் மடிக்கப்பட்டன. கொக்கிகளில் இறப்பர் நாடா கட்டி மடல் கீழ்நோக்கி இழுக்கப்பட்டது. மடலின் அடியில் ஈரத்துணிச் சுருள் வைக்கப்பட்டது. எலும்புச் சாளரம் எடுத்து, கண்குழிக்குப் பின்னாலுள்ள சிப்பிணாய்டு எலும்பின் விளிம்பைத் துளையிட்டு மட்டமாக்கி, உட்கழுத்து நாடியில் நான்கு நிமிடம் தற்காலிகக் கிளிப் வைத்து, புடைப்பின் கழுத்தில் நிரந்தரக் கிளிப் போடப்பட்டது. புடைப்பு உடையவில்லை, குருதி இழப்பும் குறைவு. மூளையின் கணக்கில் அது சுத்தமான வேலை.

மடல் திரும்ப வைக்கப்பட்டது 14:40 இற்கு. ஐந்தே கால் மணித்தியாலம் அது கண்ணின் மேல் கிடந்திருக்கிறது. தசையோடு சேர்ந்த மடல் பாரமானது. அதோடு நாடா இழுவை நெற்றி மேட்டின் மேலாகவா, கண்கோளத்தின் மேலாகவா இறங்குகிறது என்பது, துணி விரிப்பால் மூடிய பிறகு வெளியே நிற்பவருக்குத் தெரியாது. தொட்டுத்தான் பார்க்க வேண்டும். இடையில் யாரும் தொட்டுப் பார்த்ததாகப் பதிவு இல்லை.

15:05 இற்குத் தையல் முடிந்தது. தலைக்கு இறுக்கமான கிரேப் கட்டு. அதன் கீழ்ச் சுற்று வலது புருவத்தின் மேல் ஏறியிருந்தது.

முதல் ஆறு மணித்தியாலம்

15:40 இற்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு. மணிக்கொருமுறை நிரப்பப்பட்ட நரம்பியல் அவதானிப்புத் தாளில் 16:00, 17:00, 18:00, 19:00, 20:00 ஆகிய ஐந்து கட்டங்களிலும் வலது கண்ணுக்கு நேரே ஒரே ஆங்கில எழுத்து: 'சி'. கிளாஸ்கோ அட்டவணையில் கண் வீங்கி மூடியிருந்தால் அப்படி எழுதுவதுதான் முறை. வீக்கத்தால் திறக்காத கண்ணை மயக்கத்தால் திறக்காத கண் என்று பிழையாகப் புள்ளியிடாதபடி காக்க வந்த எழுத்து அது. நினைவு மட்டத்தை அளப்பதற்கு அது போதும். கண்மணியைப் பார்க்காமல் விடுவதற்கு அது அனுமதி அல்ல. ஆனால் ஒரே தாளில் இரண்டு வரிசையும் அடுத்தடுத்து வருவதால், மேலே 'சி' எழுதிய பேனா கீழே கண்மணிக் கட்டத்திலும் 'சி' எழுதிவிட்டுப் போகிறது. இங்கே நடந்ததும் அதுவே.

18:00 இற்கு சுவாசக் குழாய் எடுக்கப்பட்டது. அரை மணி கழித்து நோயாளி சொன்னது தாதியின் குறிப்பில் இருக்கிறது: "கண் பிதுங்கி வெளிய வாற மாதிரிக் கிடக்கு, மிஸ்." பதில் அன்பாகவே சொல்லப்பட்டது: "ஒப்பரேசன் செய்த பக்கம்தானே அம்மா, வீங்கித்தான் வத்தும்." பரசிற்றமோல் 1 கிராம் நாளத்தால் கொடுக்கப்பட்டது.

இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பின் இமை வீங்குவது உண்மையிலேயே வழமை. ஆனால் வழமையான வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும், மெதுவாக இருக்கும், இமையை விலக்கினால் உள்ளே கண் நன்றாக இருக்கும். முதல் மணித்தியாலத்திலேயே இறுகி நிற்கும் வீக்கம் அந்தக் கணக்கில் வராது. கண்ணுக்குள் வலி என்று நோயாளி தனியாகச் சொல்வதும் வராது, ஏனெனில் வெட்டுக்காயத்தின் வலியை நோயாளிகள் நெற்றியிலும் தாடையிலும்தான் காட்டுவார்கள்.

இதன்மேல் இன்னொரு திரை. இமை திறக்காததற்கு மூன்றாம் நரம்புச் செயலிழப்பு என்ற காரணம் ஏற்கெனவே தாளில் இருந்தது. கண்மணி விரிந்து நிற்பதற்கும் அதே காரணம் இருந்தது. ஆகவே யாராவது இமையைத் தூக்கி, விரிந்த கண்மணியைக் கண்டிருந்தாலும், பழையதுதான் என்று விட்டிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

20:50 இற்கு, இரவுக் கடமைத் தாதி தலைமாட்டில் நின்று தலையணையைச் சரிசெய்தபோது, மேலிருந்து பார்க்கையில் வலது இமை இடது இமையை விட நன்றாக முன்னே தள்ளி நிற்பதைக் கண்டார். முன்னால் நின்று பார்த்தால் இது பிடிபடாது. தலைப்பக்கத்திலிருந்து இரு புருவங்களுக்கும் மேலாகக் கீழே பார்க்க வேண்டும். அவர் உடனே கடமை வைத்தியரை அழைத்தார்.

இமை தூக்கப்பட்ட பின்

வைத்தியர் முதலில் கட்டின் கீழ்ச் சுற்றை வெட்டினார். பின்னர் இரண்டு ஈரப் பஞ்சுகளால் இமைகளை மெல்ல அழுத்தி, கண்கோளத்தின் மேல் பாரம் போடாமல் எலும்பு விளிம்புக்கு விலக்கினார். இமைகளுக்கிடையே வெண்படலம் நீர்கோத்துக் கொப்பளமாகப் பிதுங்கியது. மூடிய இமைமேல் விரல் நுனிகளால் தொட்டபோது இடது கண் மூக்கு நுனி போல மெதுவாகவும், வலது கண் நெற்றி போலக் கல்லாகவும் இருந்தன.

அடுத்து அவர் செய்த இரண்டு சோதனைகள்தான் திரையை விலக்கின. இரண்டுக்கும் ஒரு டோர்ச் போதும்.

முதலாவது, கண் அசைவு. சத்திரசிகிச்சைக்கு முன் வலது கண் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. வெளிப்பக்கம் இழுக்கும் ஆறாம் நரம்பு நன்றாக இருந்தது என்பதற்கு அது சாட்சி. இப்போது கண் நடுவிலேயே உறைந்து, வெளிப்பக்கமும் போகவில்லை. மூன்றாம் நரம்பால் மட்டும் இது வராது. கண்குழி முழுவதும் ஏதோ நடந்திருக்கிறது.

இரண்டாவது, மற்றக் கண்ணின் கண்மணி. வலது கண்மணி எப்படியும் அசையாது என்பதால் அதைப் பார்த்துப் பயனில்லை. ஆனால் வலது கண்ணுக்குள் விழும் வெளிச்சத்தை வலது பார்வை நரம்பு மூளைக்குக் கொண்டுபோனால், இடது கண்மணி சுருங்க வேண்டும். டோர்ச்சை இடது கண்ணில் அடித்தபோது இடது கண்மணி சுருங்கியது. வலது கண்ணுக்கு மாற்றியவுடன் இடது கண்மணி விரிந்தது. வெளிச்சம் உள்ளே போகவில்லை. அரை மயக்கத்தில் இருக்கும் நோயாளியிடமும், பேச முடியாதவரிடமும் செய்யக்கூடிய சோதனை இது. மூன்றாம் நரம்பு செயலிழந்த ஒவ்வொருவருக்கும் பார்வை நரம்பைச் சோதிக்க இதைவிட எளிய வழி கிடையாது. இமையைத் தூக்கிக் கேட்டபோது நோயாளி, "ஒண்டும் தெரியேல்லை, லைற் அடிக்கிறீங்களோ?" என்று கேட்டார்.

21:10 இற்குக் கண் வைத்திய நிபுணர் அழைக்கப்பட்டார். கையடக்கக் கருவியால் அளந்தபோது வலது கண்ணமுக்கம் 54 மில்லிமீற்றர் இரசம், இடது 14. சாதாரண அளவு 10 முதல் 21 வரை. ஸ்கானுக்குக் கொண்டுபோவதா, முதலில் வெட்டுவதா என்பது அப்போதைய கேள்வி. ஸ்கான் மேசைக்குப் போய் வர முக்கால் மணி ஆகும். பார்வை இல்லை, கண் கல்லாக இருக்கிறது, அமுக்கம் 40 இற்கு மேல்: இந்த மூன்றும் சேர்ந்தால் படத்துக்குக் காத்திருக்கக் கூடாது. 21:35 இற்குக் கட்டிலிலேயே, கண்குழியின் முன்பக்கத்தைத் தளர்த்தி அமுக்கத்தை இறக்கும் வெளிக்கடைக்கண் வெட்டுச் செய்யப்பட்டது.

முறை சிறியது. கடைக்கண்ணில் அதிரினலின் கலந்த 2 சதவீத லிக்னோகெயின் 1 முதல் 2 மில்லிலீற்றர். நேரான ஆட்டரி ஃபோர்செப்ஸால் கடைக்கண்ணை எலும்பு விளிம்புவரை ஒரு நிமிடம் நசுக்கினால் குருதி கசிவது குறையும். அந்தத் தடத்தில் கிடையாக ஒரு சென்ரிமீற்றர் வெட்டு. இதோடு நிறுத்துவதுதான் பலர் விடும் பிழை. தோலைத் திறப்பதால் மட்டும் அமுக்கம் பெரிதாக இறங்காது. கீழிமையை ஃபோர்செப்ஸால் முன்னே இழுத்துப் பிடித்துக்கொண்டு, கத்தரிக்கோல் நுனியால் உள்ளே தடவினால் வீணைத் தந்தி போல ஒரு கெட்டியான நார் தட்டுப்படும். கடைக்கண் தசைநாரின் கீழ்க்கிளை அது. கத்தரிக்கோலைக் கீழும் பின்னுமாகத் திருப்பி அதை வெட்ட வேண்டும். சரியாக வெட்டுப்பட்டால் கீழிமை கண்கோளத்தை விட்டுத் தளர்ந்து வந்துவிடும். வராவிட்டால் நார் இன்னும் நிற்கிறது என்று பொருள். அதன் பின்னும் அமுக்கம் இறங்காவிட்டால் மேற்கிளை.

ஐந்து நிமிடத்தில் 29. ஒரு மணித்தியாலத்தில் 22.

மருந்துகளில் ஒரு சிக்கல் இருந்தது. கண்ணமுக்கத்தை இறக்க அசற்றசோலமைட் 500 மில்லிகிராம் நாளத்தாலும் திமோலோல் 0.5 சதவீதச் சொட்டும் தயக்கமின்றிக் கொடுக்கப்பட்டன. மனிற்றோலும் கண்ணமுக்கத்தை இறக்கும், ஆனால் உடலின் நீரையும் இறைத்துவிடும். மூளைக் குருதிக்கசிவுக்குப் பின் நீர்வற்றிய நோயாளியில் நாடிச் சுருக்கம் வந்தால் மூளைக்கே சேதம். எனவே 20 சதவீத மனிற்றோல் ஒரே ஒரு தடவை, உடல்நிறையின் ஒரு கிலோவுக்கு 1 கிராம் வீதம் கொடுத்து, போன சிறுநீரின் அளவுக்கு சேலைன் திரும்ப ஏற்றப்பட்டது. நிமோடிபின் வில்லைக்குப் பின் குருதியமுக்கம் சரிவது தெரிந்ததால், 60 மில்லிகிராமை 30 ஆகப் பிரித்து இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஆக்கினார்கள். கண்ணுக்குள் குருதி போவது குருதியமுக்கத்துக்கும் கண்ணமுக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தால்தான். ஒன்றை இறக்கும்போது மற்றதையும் இறக்கிவிட்டால் செய்த வேலை வீண். கட்டிலின் தலைப்பக்கம் 30 பாகை உயர்த்தப்பட்டது.

பிறகு ஸ்கான். மண்டைக்குள் குருதிக்கட்டி இல்லை. கண்குழிக் கூரை உடையவில்லை, கண்குழிக்குள் குருதித் தேக்கமும் இல்லை. கிளிப் சரியான இடத்தில். கண் நாடி நிரம்புவது தெரிந்தது. கண் முன்னே தள்ளி, அசைவுத் தசைகள் எல்லாம் தடித்திருந்தன. எம்.ஆர்.ஐ. எடுத்தால் பார்வை நரம்பின் நிலை தெரியும் என்று ஒரு யோசனை வந்தது. கன்னத்து ஷெல் துண்டைப் பற்றி மகள் சொன்னதால் முதலில் எக்ஸ்ரே எடுக்கப்பட்டு, துண்டு கண்குழி விளிம்பிலேயே இருப்பது தெரிந்து, காந்தத்தில் அது அசையலாம் என்பதால் எம்.ஆர்.ஐ. கைவிடப்பட்டது. அது இடது பக்கம், பார்க்கும் கண்ணின் பக்கம். வன்னியிலிருந்து வரும் நோயாளிக்கு எம்.ஆர்.ஐ. எழுதும் முன் "உடம்பில துண்டு ஏதும் இருக்கோ?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். பலர் அதைக் காயமாகவே நினைப்பதில்லை என்பதால் தாமாகச் சொல்வதில்லை.

22:40 இற்கு விழித்திரை பார்க்கப்பட்டது. பால்போல வெளிறி, நடுவில் செம்பழப் புள்ளி, நூல்போல மெலிந்த நாடிகள்: விழித்திரைக்குக் குருதி நின்றுபோனதன் அடையாளங்கள். கண்ணுக்குள் குருதி இல்லை. எனவே மூளைக் குருதிக்கசிவோடு வரும் டெர்சன் நோய்க்குறி இல்லை. அதுவாக இருந்திருந்தால் பார்வை திரும்பும் நம்பிக்கை இருந்திருக்கும்.

எப்படி நடந்தது

கண்குழி ஏறக்குறைய 30 மில்லிலீற்றர் கொள்ளும் எலும்புக் கிண்ணம். பின்பக்கமும் சுற்றுப்புறமும் விரியாது. முன்பக்கத்தை இமைகளும் அவற்றின் தசைநார்களும் அடைக்கின்றன. மடல் வெளியிலிருந்து அழுத்தும்போது கண்ணமுக்கம் விழித்திரை நாடியின் அமுக்கத்தைத் தாண்டிவிட்டால் குருதி நின்றுவிடும். நாளங்கள் அதற்கு முன்பே அடைபடும். மணித்தியாலக் கணக்கில் பட்டினி கிடந்த தசைகளுக்கு, மடல் தூக்கப்பட்டதும் குருதி திரும்ப வரும்போது அவை நீர்கோத்து வீங்கும். அப்போது வெளியே அழுத்தம் இல்லாமலே உள்ளே அழுத்தம் ஏறும். அதன்மேல் புருவத்தில் இறுகிய கட்டு. ஆக இரண்டு அடி: ஒன்று சத்திரசிகிச்சைக் கூடத்தில், மற்றது கட்டிலில். முகம் குப்புற மயங்கிக் கிடந்து கண் நசுங்கியவர்களிலும், முதுகெலும்புச் சத்திரசிகிச்சையில் குப்புறப் படுக்கவைத்தபோது கண் அழுத்தப்பட்டவர்களிலும் இதே படம் விவரிக்கப்பட்டிருக்கிறது.

இமையை 16:00 இற்கே தூக்கியிருந்தால் கண் தப்பியிருக்குமா? ரீசஸ் குரங்குகளில் செய்த ஆய்வுகளில், விழித்திரை நாடி முழுதாக அடைபட்டால் சுமார் 97 நிமிடம் வரை விழித்திரை சேதமின்றி மீண்டது. 240 நிமிடத்துக்குப் பின் மீளவில்லை. மடல் தொடக்கத்திலிருந்தே நாடியை முழுதாக அடைத்திருந்தால் கண் கூடத்திலேயே போய்விட்டது. பிந்திய ஆறு மணித்தியாலம் எதையும் மாற்றியிராது. அரைகுறையாக அடைத்து, கட்டிலில் முழுதாக அடைபட்டிருந்தால் அந்த ஆறு மணித்தியாலம்தான் கண்ணைக் கொன்றது. எது நடந்தது என்று பதிவுகளைக் கொண்டு பிரித்துச் சொல்ல வழியில்லை, ஏனெனில் அந்த நேரத்துக்குரிய ஐந்து கட்டங்களிலும் இருப்பது 'சி'.

விடுகையும் அதற்குப் பின்னும்

நாடிச் சுருக்கம் வரவில்லை. வெளித்தள்ளல் பத்து நாளில் வற்றியது. வெளிப்பக்க அசைவு மூன்றாம் வாரத்தில் திரும்பியது. வலது கண்ணுக்கு வெளிச்சம் தெரியவில்லை. 16 ஆம் நாள் வீடு.

விடுகையின்போது குடும்பத்துக்குச் சொல்லப்பட்டது: "நரம்பு சரிவர மூன்று மாதம் எடுக்கும்." சொன்னவர் மூன்றாம் நரம்பைச் சொன்னார். கேட்டவர்கள் பார்வையைக் கேட்டார்கள். டயக்னோசிஸ் கார்டில் மூன்றாம் நரம்பும் பார்வையிழப்பும் ஆங்கிலத்தில், அடுத்தடுத்த வரிகளில்.

24 ஆம் நாள் மகள் தாயை ஆதார வைத்தியசாலைக் கண் கிளினிக்குக் கூட்டிவந்தார். வலது கண் சிவந்து நீர் வடிந்தது. வலது மேலிமையில் ஒட்டுப் பிளாஸ்டரின் பசைத்தடம். இமை திறந்தால் வெளிச்சம் போய்ப் பார்வை வரும் என்று நம்பி, காலை எட்டு மணி முதல் பின்னேரம் வரை இமையைத் தூக்கி நெற்றியோடு ஒட்டிவைத்திருக்கிறார்கள். "நரம்பு உசாராக மூண்டு மாசம் போகும் எண்டு சொன்னவை, அதுதான் பழக்கினனாங்கள்" என்றார் மகள். அயலவர் சொல்லி நந்தியாவட்டைப் பூ ஊறிய தண்ணீரும் விட்டிருக்கிறார்கள்.

கண்ணை மூட முனையும்போது கண்கோளம் மேலே உருண்டு கருவிழியை மறைப்பது இயற்கைக் காவல். அதைச் செய்யும் தசைக்கு மூன்றாம் நரம்பு வேண்டும்; இவருக்கு அந்தக் காவல் இல்லை. இறங்கிய இமைதான் அவருடைய கருவிழிக்கு ஒரே மூடி, அதையும் தூக்கி ஒட்டியாயிற்று. புளோரசீன் சாயம் விட்டுப் பார்த்தபோது கருவிழியின் கீழ்ப்பகுதியில் 3க்கு 2 மில்லிமீற்றர் தோலுரிவு. தொற்றைக் காட்டும் வெண்மை ஏறவில்லை. அறுவடை நேரம், உமித்தூசி, பூத்தண்ணீர் எல்லாம் சேர்ந்ததால் பூஞ்சைத் தொற்று வரும் என்ற பயம் இருந்தது. எனவே ஸ்ரிரொயிட் சொட்டு ஒன்றும் விடாமல், அன்ரிபயோற்றிக் சொட்டு ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, செயற்கைக் கண்ணீர் மணிக்கொருமுறை, இரவில் களிம்பு, இமையை மூடியபடி மைக்ரோபோர். எட்டு நாளில் ஆறியது.

அன்றுதான் உண்மை முழுதாகச் சொல்லப்பட்டது. கண் வைத்தியர் மகளைப் பக்கத்தில் இருத்தி, தாயின் இடது கண்ணை உள்ளங்கையால் மூடி, வலது இமையைத் தூக்கி டோர்ச் அடித்துக் காட்டினார். இமை இன்னும் சில கிழமையில் திறக்கும், கண்ணும் அசையும், ஆனால் இந்தக் கண்ணுக்குப் பார்வை வராது என்று தமிழில் சொன்னார். தாய் சொன்னது: "அப்ப சரி தம்பி, ஒட்டத் தேவையில்லை."

ஒன்பதாம் வாரத்தில் வலது கண்மணி விளிம்பில் புதிய நாளங்கள் முளைத்திருந்தன. பட்டினி கிடந்த விழித்திரை அனுப்பும் அழைப்பு அவை. விட்டால் கண்ணமுக்கம் ஏறிக் கடும் வலியுள்ள குளுக்கோமா வரும். விழித்திரை முழுதும் லேசர் செய்யப்பட்டு அவை ஒடுங்கின. பார்வையில்லாத கண்ணுக்கு ஏன் பஸ் ஏறிப் போக வேண்டும் என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். முதல் நான்கு மாதக் கிளினிக் பார்வைக்காக அல்ல, வலியில்லாத கண்ணுக்காக.

இடது கண்ணின் பார்வை 6/24 தான் (6/6 சாதாரணம்) என்பதும், அதற்குக் காரணம் கண்புரை என்பதும் ஆறாம் வாரத்தில்தான் தெரிந்தது. ஐந்தாம் மாதம் அதற்குச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டு 6/9 ஆனது. இப்போது பொலிகாபனேற் கண்ணாடி போடாமல் அவர் வயலில் இறங்குவதில்லை. கத்தி பிடிக்கும்போதும் கிணற்றுக்கட்டில் காலை வைக்கும்போதும் தூரம் பிழைப்பதாகச் சொல்கிறார்.

மாற வேண்டியவை

சத்திரசிகிச்சைக் கூடத்தில்: மடலை இழுக்கும் நாடாக்கள் நெற்றி மேட்டுக்கு மேலாக, மேல்நோக்கிப் போக வேண்டும், கண்கோளத்தின் மேலாகக் கீழ்நோக்கி இழுக்கக் கூடாது. துணிச்சுருள் எலும்பு விளிம்பில் தாங்க வேண்டும். ஒவ்வொரு முறை கொக்கி இறுக்கிய பின்னும், அதன் பிறகு அரை மணிக்கொருமுறையும், விரிப்பின் கீழ் விரலை விட்டுக் கண் மெதுவாக இருக்கிறதா என்று யாரோ ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பெடுத்துத் தொட்டுப் பார்க்க வேண்டும். தலை இதயத்தை விட உயரமாக, கழுத்து நாளங்கள் முறுக்குப்படாமல் இருக்க வேண்டும். கட்டு புருவத்தில் ஏறக் கூடாது.

தீவிர சிகிச்சைப் பிரிவில்: கண் திறப்பு வரிசையில் 'சி' எழுதலாம், கண்மணி வரிசையில் எழுதக் கூடாது. கட்டிலுக்கு வந்தவுடன் ஒருமுறையும், பின் முதல் 12 மணித்தியாலம் மணிக்கொருமுறையும் இமையை விலக்கி, கண்மணி, மற்றக் கண்மணியின் பதில், கண்ணின் கெட்டி ஆகிய மூன்றும் எழுதப்பட வேண்டும். இமையை விலக்கவே முடியாத அளவு வீக்கம் என்றால் அது எழுதிவிட்டுப் போகும் குறிப்பல்ல, வைத்தியரை அழைக்கும் காரணம். கடைக்கண் வெட்டுக்குரிய நான்கு சாமான்கள், அதாவது ஆட்டரி ஃபோர்செப்ஸ், பல்லுள்ள ஃபோர்செப்ஸ், சிறிய கத்தரிக்கோல், லிக்னோகெயின், ஒரு பொதியாக அங்கேயே இருக்க வேண்டும். கண் வாட்டுக்கு ஆள் அனுப்பி எடுப்பித்தால் பத்து நிமிடம் போய்விடும்.

அனுப்பும் வைத்தியசாலையில்: தலையிடியோடு வருபவராக இருந்தாலும், நினைவு இருந்தால், இரண்டு கண்ணாலும் தனித்தனியே விரல் எண்ணவைத்து இடமாற்றப் படிவத்தில் எழுத வேண்டும். அரை நிமிட வேலை.

வீட்டுக்கு அனுப்பும்போது, தமிழில், பெரிய எழுத்தில், டயக்னோசிஸ் கார்டின் பின்பக்கம் இவ்வளவு போதும்: இமையைத் தூக்கி ஒட்ட வேண்டாம். குப்பியில் தந்த மருந்தைத் தவிர எதுவும் கண்ணில் விட வேண்டாம். கண் சிவந்தால், நொந்தால் அன்றைக்கே பக்கத்து வைத்தியசாலைக்கு வாருங்கள், கிளினிக் திகதிவரை பார்த்திருக்க வேண்டாம். இமை திறக்கும், பார்வை வருமா வராதா என்பதற்குத் தனியாக ஒரு வரி, கையால் எழுதி, வாசித்துக் காட்டியது.